அறுபத்தொரு செடிகளின் நிறம்

ஒரு பெண்ணின் நான்கு வருடப் படிப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை நான் சோளரொட்டியோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன். பூண்டு தட்டிப் போட்டு, ஊறவைத்த கடலைப்பருப்பு சேர்த்து வதக்கியது. ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் மறைக்க இனி ஒன்றுமில்லை.

சோலாப்பூருக்கு வெளியே உள்ள குசும்பா ஆராய்ச்சிப் பண்ணையில் இருபத்தாறு வருடமாக நான் வயல் உதவியாளன். விதைப்பது, களை எடுப்பது, பூவுக்குக் காகித உறை மாட்டுவது, முள் குத்தினால் கத்துவது, எல்லாம் என் பொறுப்பு. குசும்பா எண்ணெய்க்காக வளர்க்கும் முள்செடி. விதைத்த மூன்றாவது வாரத்தில் கலைத்துவிட வேண்டும். நெருக்கமாக நிற்கும் கன்றுகளில் சாணுக்கு ஒன்றை விட்டுவிட்டு மீதியைப் பிடுங்குவோம். பிடுங்கியது பிடுங்கியவர் வீட்டுக் கீரை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் இதை மறுத்த ஒரு அதிகாரிக்கு அடுத்த பருவத்தில் களையெடுக்க ஒரு ஆள் வரவில்லை. முள் வருவதற்கு முந்தைய அந்தப் பத்து நாள்தான் இந்தச் செடி மனிதன் வாய்க்கு இணங்கும். அப்புறம் ஆடுகூடக் கிட்டே போகாது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் எட்டாம் பாத்தியைக் கலைத்து முடித்தேன். கீரை இரண்டு பிடிதான் தேறியது. வீட்டில் மச்சான் குடும்பம் வந்து இறங்கியிருந்தது. ஆறு பேர். ஆறு பேருக்கும் நல்ல பசி. பக்கத்துப் பாத்தியில் கன்றுகள் நெருக்கமாக, தளதளவென்று நின்றன. அதை விதைத்த வாரம் நான் மாமியார் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். அதனால் அது என்ன பாத்தி என்று தெரியாது. என் முட்டி மடங்காது. வரப்பில் நட்டிருந்த பலகை ஒன்றைப் பிடுங்கிக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து பறித்தேன். கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. நாலாவது வரிசை முடிவில் பலகையை இழுத்துப் போடும்போதுதான் அதில் எழுத்து இருப்பதைப் பார்த்தேன்.

‘பாத்தி 9. சோதனை. கலைக்கக் கூடாது. ஒரு செடியையும் தொடக் கூடாது. நூதன் பிராஜ்தார்.’ அடியில் இரண்டு கோடு வேறு.

பறித்த கன்றுகளைத் திருப்பி நட்டுப் பார்த்தேன். குசும்பாவுக்கு ஆணிவேர், பிடுங்கினால் பிடுங்கியதுதான். பத்து நிமிடத்தில் எல்லாம் வாத்தியார் வெளியே நிற்கவைத்த பிள்ளைகள் மாதிரி தலையைத் தொங்கப்போட்டன. தொங்கிய கீரையைத் தூக்கி எறிவதா? பலகையை இருந்த இடத்தில் நட்டுவிட்டு, கீரையைத் தனியாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி பாகீரதி வேரை நறுக்கி ஒதுக்கிவைத்ததை, அவள் பார்க்காத நேரத்தில் எண்ணினேன். அறுபத்தொன்று.

நூதன் பிராஜ்தார் எங்கள் பண்ணையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர். அக்கல்கோட்டுப் பெண், இருபத்தேழு வயது. அவருக்கு வழிகாட்டியான டாக்டர் உஜ்வலா கனஷெட்டி எங்களுக்குப் பெரிய மேடம். அதனால் நூதன் சின்ன மேடம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வந்து, பையைக்கூட இறக்காமல் பாத்திக்கு ஓடினார்.

“மாமா, இங்க என்ன ஆச்சு?”

வாயைத் திறந்தேன். உண்மைதான் வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். வந்தது முயல்.

“முயல் மேய்ஞ்சிருச்சு, மேடம்.”

“இத்தனையையா?”

“குடும்பத்தோட வந்திருக்கும்.”

மச்சானை நினைத்துச் சொன்னது. அந்த அளவுக்கு அதில் உண்மை இருந்தது.

சின்ன மேடம் வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு எனக்கே ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். “பரவாயில்ல மாமா, முகத்தை அப்படி வச்சுக்காதீங்க. எண்ணிக்கைதான் குறையும். விகிதம் மாறாது.”

“அது எப்படி மேடம்?”

“எந்தச் செடி என்ன கலர் பூக்கும்னு முயலுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வாய்க்கு வந்ததைக் கடிச்சிருக்கும். ஆரஞ்சுல கொஞ்சம், மஞ்சள்ல கொஞ்சம், வெள்ளைல கொஞ்சம் போயிருக்கும். மிச்சம் இருக்கறதுல விகிதம் அப்படியே நிக்கும்.”

வயல் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார். என் கையால், என் எழுத்தில், ‘முயல் சேதம்’ என்று எழுதினேன். அடுத்த வாரம் தன் உதவித்தொகையில் கம்பிவலை வாங்கிவந்தார். அதைப் பாத்தி ஒன்பதைச் சுற்றி அடித்தவனும் நான்தான். தனக்கு எதிராகத் தானே வேலி போட்ட திருடன் எங்கள் தாலுகாவில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

ஏன் இத்தனை பதற்றம் என்றால், குசும்பா வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். சின்ன மேடத்தின் உதவித்தொகை மார்ச் கடைசியோடு முடிகிறது. அதற்குள் இந்தப் பாத்தியின் பூக்களை எண்ணிக் கணக்குக் கொடுத்தால் பட்டம். இல்லையென்றால் அக்கல்கோட்டில் அப்பாவின் பாத்திரக்கடையில் போய் உட்கார வேண்டும். “அப்பா இப்பவே எனக்கு ஒரு ஸ்டூல் வாங்கி வச்சுட்டார் மாமா” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போன பிறகும் அந்த ஸ்டூல் என் கண்முன்னால் நின்றது.

ஜனவரி முதல் வாரம் பாத்தி ஒன்பது பூத்தது. குசும்பா பூத்தால் தூரத்தில் இருப்பவனுக்கு அழகு, பக்கத்தில் நிற்பவனுக்கு ரத்தம். நானும் சின்ன மேடமும் தொடையில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு விடிந்ததும் இறங்குவோம். ஒவ்வொரு செடியையும் அவர் இரண்டு தடவை பார்த்துக் குறிப்பார். பூ விரிந்த காலையில் ஒரு தடவை, வாடியபின் ஒரு தடவை. ஏனென்றால் இந்தப் பூவில் பல, ஒரு நிறத்தில் பிறந்து இன்னொரு நிறத்தில் வாடும். காலையில் ஆரஞ்சாகச் சிரிப்பது இரண்டு நாளில் ரத்தச் சிவப்பாகிவிடும். வெள்ளை மட்டும் என்ன ஆனாலும் வெள்ளையாகவே காய்ந்துபோகும்.

இருபத்தாறு வருடமாகப் பூவுக்கு உறை மாட்டியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. குற்றம் செய்தவனுக்குப் பேச்சுக் கொடுக்கத் தோன்றும் அல்லவா, அந்த வருடம் கேட்டேன்.

“அப்பன் ஆரஞ்சு, அம்மா வெள்ளை. பிள்ளைங்க எல்லாம் ஆரஞ்சு. பேரப்பிள்ளைங்கள்ல மட்டும் எங்கேருந்து மேடம் மஞ்சள் வருது? குடும்பத்துலயே மஞ்சள் கிடையாதே!”

“நல்ல கேள்வி மாமா. ரெண்டு ஜீன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு, வண்ணம் போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும். இன்னொண்ணு, போட்டா ஆரஞ்சா மஞ்சளான்னு முடிவு பண்ணும். முதல் ஜீன் வேண்டாம்னு சொல்லிட்டா, ரெண்டாவது எவ்வளவு கத்தினாலும் பூ வெள்ளைதான்.”

“எங்க வீடு மாதிரி.”

“எந்த ஜீன் நீங்க?”

“கத்தறது.”

சிரித்துவிட்டுச் சொன்னார்: “அந்த வெள்ளை அம்மாகிட்ட மஞ்சளுக்கான ஜீன் இருந்திருக்கு. வண்ணமே போடாததால வெளியில தெரியல. பேரப்பிள்ளைங்ககிட்ட வந்ததும் தெரியுது. பதினாறு பங்கு போட்டா ஒன்பது ஆரஞ்சு, மூணு மஞ்சள், நாலு வெள்ளை. அப்படித்தான் வரணும்.”

வரவில்லை. எண்ணி முடித்த அன்று பம்புசெட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மூன்று தடவை கூட்டினார். ஆரஞ்சு நூற்றெழுபத்தொன்பது. மஞ்சள் ஐம்பத்தெட்டு. வெள்ளை முப்பத்தொன்பது. மொத்தம் இருநூற்றெழுபத்தாறு செடி. வெள்ளை கால்வாசி இருக்க வேண்டும். ஏழில் ஒன்றுதான் இருந்தது. நான் பம்புசெட்டைத் துடைக்கப் போய்விட்டேன். அவரோ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கணக்குப் போட்டு, மூன்றாம் நாள் காலையில் வரப்பில் ஓடி வந்தார். முள்காட்டில் ஓடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

“மாமா! மூணாவது ஜீன் ஒண்ணு இருக்கு!”

“எங்க மேடம்?”

“வெள்ளையைத் தடுக்குது. முதல் ஜீன் வேண்டாம்னு சொன்னாலும் இது சில செடியில வண்ணம் போட வைக்குது. மூணாவதைச் சேர்த்தா கணக்கு அப்படியே உட்காருது! அறுபத்துநாலுக்கு ஒன்பது வெள்ளை. எனக்கு இருநூத்தெழுபத்தாறுக்கு முப்பத்தொன்பது. பாருங்க, பாருங்க!”

பார்த்தேன். கணக்கு நிஜமாகவே உட்கார்ந்திருந்தது. பண்ணையிலேயே சரியாக உட்கார்ந்திருந்தது அது ஒன்றுதான்.

“இதை நான் ஆராய்ச்சிக் கட்டுரையில போடறேன். முன்னுரையில உங்களுக்கு நன்றி சொல்றேன், முயல் சேதத்தைக்கூட விடாம நேர்மையாக் குறிச்சு வச்சதுக்கு. அப்புறம் ஒண்ணு. புது ஜீனுக்கு ஒரு எழுத்து வைக்கணும். மல்ஹாரின்னு உங்க பேரோட முதல் எழுத்தை வச்சுக்கட்டுமா?”

மல்ஹாரி என்பது என் பெயர். அதை இதற்கு முன்னால் ரேஷன் கார்டில் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள், அதுவும் தப்பாக.

அன்று மதியம் வீட்டில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். பாகீரதி கண்டுபிடித்துவிட்டாள். என் வயிற்றையும் என் பொய்யையும் அவள் ஒரே பார்வையில் பார்ப்பாள்.

“அஹோ, என்ன ஆச்சு? யாரைத் தொலைச்சீங்க?”

சொன்னேன். கீரை, பலகை, முயல், ஜீன் எல்லாவற்றையும். அவள் ஜீனை விட்டுவிட்டு முயலைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கண்ணன் முயலா?”

“அவசரத்துல வந்துருச்சு.”

“அது சரி. முயல் மேய்ஞ்சா பரவாயில்லன்னு அந்தப் பொண்ணு ஏன் சொல்லுச்சு?”

“முயல் எதையும் பொறுக்கி எடுக்காதாம். வாய்க்கு வந்ததைத் தின்னுமாம்.”

பாகீரதி மாவுக் கையோடு என்னைப் பார்த்தாள். “நீங்க பொறுக்கித்தானே எடுத்தீங்க?”

“நானா?”

“கல்யாணமான வருஷம் அடித்தண்டு சிவந்த குசும்பாக் கீரையைக் கொண்டாந்து போட்டீங்க, கசப்புல ஊரே துப்புச்சு. அதுலேருந்து வெளுத்ததாப் பார்த்துப் பறிங்கன்னு இருபத்தஞ்சு வருஷமாத் தொண்டை கிழியக் கத்தறேன். தீபாவளிக்குக் கொண்டாந்த கீரைல சிவந்தது பத்துகூட இல்ல. நான்தானே ஆய்ஞ்சேன்!”

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது என்று சொன்னேன் அல்லவா? அது என் பாட்டே இல்லை, பாகீரதியின் பாட்டு. கை ஒவ்வொரு கன்றின் அடியையும் தொட்டுப் பார்த்து வெளுத்ததை மட்டும் இழுத்திருக்கிறது. வெளுத்த கன்றெல்லாம் வெள்ளைப் பூவுக்கு உரியது என்றால், சின்ன மேடத்தின் மூன்றாவது ஜீன் என் வயிற்றில்தான் இருந்தது. இல்லையென்றால், வெளுத்த தண்டுக்கும் வெள்ளைப் பூவுக்கும் சம்பந்தமே இல்லையென்றால், அந்த ஜீன் நிஜம். நான் வெறும் கீரைத் திருடன். எது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு அரிப்பு. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை.

மறுநாள் சங்கராந்தி. சின்ன மேடம் எல்லோருக்கும் எள்ளும் வெல்லமும் உருட்டிய உருண்டை கொடுத்துக்கொண்டு வந்தார். இனிப்பைக் கொடுத்து இனிமையாகப் பேசச் சொல்கிற நாள். நான் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, அதை மென்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாதி எள்ளோடு வந்தது.

அவர் கத்தவில்லை. தட்டைத் தரையில் வைத்தார். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. முந்தின நாளிலிருந்து அவரைத் தூக்கிவைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போவதைக் கண்ணால் பார்த்தேன்.

“எத்தனை?”

“அறுபத்தொண்ணு. வேரை எண்ணினேன்.”

“எண்ணினீங்களா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு அடி நடந்து திரும்பி வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் கேட்டது வேறு. “வெளுப்புன்னா எது வெளுப்பு? தண்டா, இலை நரம்பா?”

“மண்ணுக்கு மேல ஒரு விரற்கடை. அங்கதான்.”

“உறுதியாத் தெரியுமா?”

“கைக்குத் தெரியும், மேடம்.”

“அந்த அறுபத்தொண்ணும் வெள்ளையாவே இருந்திருந்தா மொத்தம் நூறு வெள்ளை ஆகும். அது ரொம்ப அதிகம்” என்றார், என்னிடம் இல்லை, காற்றிடம். “எல்லாம் வெள்ளை இல்ல. ஆனா நாப்பது நாப்பத்தஞ்சு இருந்திருந்தா...” மனக்கணக்குப் போட்டவர், பாதியில் நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

“என்னால கெட்டுப்போச்சா மேடம்?” என்று பின்னாலிருந்து கேட்டேன்.

“பார்க்கலாம்” என்றார்.

பெரிய மேடத்திடம் இருவரும் போனோம். பெரிய மேடம் இருபது வருடமாகக் குசும்பாவோடு வாழ்கிறவர். மழை வருமா என்று கேட்டாலும், வரலாம், பார்த்த மாதிரிகள் போதாது என்பார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மல்ஹாரி, உன்னைப் பத்தி அப்புறம் பேசறேன். அதுக்குள்ள ஓடிப்போயிடாத. நூதன், ஒருத்தர் கை வெள்ளையைத் தேடிப் பிடிச்சிருக்கலாம். பிடிக்காமலும் இருந்திருக்கலாம். இப்ப நீ மூணாவது ஜீன்னு எழுதவும் முடியாது, இல்லன்னு எழுதவும் முடியாது. மிச்ச விதை வச்சிருக்கியா?”

“இருக்கு மேடம். இருநூத்திச் சொச்சம். குளிர்பெட்டியில.”

“இன்னிக்கே தொட்டியில போடு. மூணு வாரத்துல இவன் வந்து பறிக்கட்டும். பறிக்காம, பறிக்கறதா நினைக்கற செடியில எல்லாம் நூல் கட்டட்டும். அப்புறம் பூக்க விடு. வெயில் ஏறுது, செடி அவசரப்படும். மார்ச் கடைசிக்குள்ள பூத்தாலும் பூக்கும்.”

“பூக்கலன்னா?” என்று நான் கேட்டேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

“பூக்காமலும் போகலாம்” என்றார் பெரிய மேடம்.

பிப்ரவரி முதல் வாரம் தொட்டிகளில் கன்று கீரைப் பருவத்துக்கு வந்தது. நூல் கட்டப் போன என் கை மக்கர் செய்தது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. தெரியாமல் செய்த காரியத்தைத் தெரிந்து செய்யச் சொன்னால் கைக்கு வெட்கம் வந்துவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் மூன்று செடிக்குத்தான் நூல் கட்டியிருந்தேன், மூன்றையும் அவிழ்த்துவிட்டேன்.

“ஒரு உதவி மேடம். பாகீரதியைக் கூட்டிட்டு வரட்டுமா? அவ பக்கத்துல நின்னு திட்டினாத்தான் எனக்குக் கீரை பறிக்க வரும்.”

சின்ன மேடம் அந்த மூன்று வாரத்தில் முதல்தடவையாகச் சிரிப்பை அடக்கினார். “அவங்க எந்தச் செடியையும் காட்டிக் குடுக்கக் கூடாது. திட்டறது மட்டும் திட்டலாம்.”

பாகீரதி சும்மாடு மாதிரி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். தொட்டி வரிசையைப் பார்த்தாள். நூல்கண்டைப் பார்த்தாள்.

“பறிக்காம நூல் கட்டறதா? அஹோ மேடம், இதுக்கா சர்க்கார் சம்பளம் குடுக்குது?”

“எனக்கு மார்ச் வரைக்கும்தான் குடுக்குது, மாமி.”

“பாவம்” என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “என்ன தடவிட்டு நிக்கறீங்க? கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறீங்களா? ராத்திரிக்கு எட்டுப் பேருக்குச் சமைக்கணும், சீக்கிரம் ஆகட்டும்! கசந்துச்சோ, நீங்களே எல்லாத்தையும் திங்கணும்!”

கை ஓட ஆரம்பித்தது. என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மாமியார் முதல் மச்சான் வரை அவள் ஒரு சுற்று வந்து முடிப்பதற்குள் நாற்பத்தேழு செடியில் நூல் கட்டியிருந்தேன். சின்ன மேடம் ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதி, தாளை உறையில் போட்டு ஒட்டி, பெரிய மேடத்தின் மேஜைக்குள் பூட்டினார். நூலையும் அவிழ்த்துவிட்டார்கள். பூவை எண்ணும்போது எது என் செடி என்று அவருக்கே தெரியக்கூடாதாம். எண்ணுகிறவர் கண் ஆசைப்பட்டதைப் பார்த்துவிடும் என்றார். என்ன ஆசைப்படுகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் பிறந்தது. சோலாப்பூர் வெயில் யாருக்கும் காத்திருக்காது. அந்த வருடம் அது எங்களுக்காகவே அவசரப்பட்டது. காலையும் மாலையும் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தேன். இருபதாம் தேதி மொட்டு இறுகி நின்றது. அக்கல்கோட்டிலிருந்து அப்பா போன் செய்தார். சின்ன மேடம் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். ஸ்டூலைப் பற்றித்தான் இருக்கும். நான் தினமும் அதே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டேன். என்னால்தானா மேடம்? கட்டுரை வருமா மேடம்? என்மேல் கோபமா மேடம்? எல்லாவற்றுக்கும் அவர் மரியாதையாக ஒரே பதில் சொன்னார். “பார்க்கலாம் மாமா.” திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இருபத்துமூன்றாம் தேதி முதல் பூ விரிந்தது. ஆரஞ்சு. இருபத்தெட்டுக்குள் எல்லாம் முடிந்தது. நூற்றுத் தொண்ணூற்றேழு செடி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை குறிப்பு. இருபத்தொன்பதாம் தேதி காலை பெரிய மேடத்தின் அறையில் உறையைக் கிழித்தார்கள். பெரிய மேடம் என் பட்டியலிலிருந்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். சின்ன மேடம் தன் குறிப்பேட்டைப் பார்த்து நிறத்தைச் சொன்னார்.

“பதினொண்ணு.”

“வெள்ளை.”

“பத்தொன்பது.”

“வெள்ளை.”

“இருபத்திரண்டு.”

“ஆரஞ்சு.”

என் நெஞ்சு ஒருகணம் குதித்தது. ஆரஞ்சு வந்தால் நான் தப்பிக்கிறேன் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

“முப்பது.”

“வெள்ளை.”

“முப்பத்தொண்ணு.”

“வெள்ளை.”

அப்படியே போனது. நான் தேர்ந்தெடுத்த நாற்பத்தேழில் முப்பத்தாறு வெள்ளை. நான் தொடாத நூற்றைம்பதில் வெறும் பதிமூன்று. எல்லாவற்றையும் சேர்த்தால் ஆரஞ்சு நூற்றெட்டு, மஞ்சள் நாற்பது, வெள்ளை நாற்பத்தொன்பது. வெள்ளை சரியாகக் கால்வாசி. ஒன்பது, மூன்று, நாலு. சின்ன மேடம் முதல்நாள் வயலில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே கணக்கு. இரண்டே ஜீன்.

பெரிய மேடம் நாற்காலியில் சாய்ந்து என் கையை ஒரு விதை மாதிரி உற்றுப் பார்த்தார். “மூணு வாரக் கன்றுல, பூ வர்றதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே... வண்ணம் வேண்டாம்னு சொல்ற ஜீனே தண்டுலயும் அதைச் சொல்லுதோ, இல்ல அதுக்குப் பக்கத்துல ஒட்டிட்டிருக்கற வேற ஒண்ணோ. இருக்கலாம். இன்னும் பார்க்கணும்.” பிறகு சின்ன மேடத்திடம், “இந்த நூத்தித் தொண்ணூத்தேழு போதும். சின்ன எண்ணிக்கைதான், ஆனா சுத்தமான எண்ணிக்கை. இதை எழுது. முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலத்துக்குள்ள என் மேஜைல வை. ஒன்பதாம் பாத்தியை என்ன நடந்ததோ அப்படியே எழுது. கீரைன்னே எழுது.”

“சரி மேடம்.”

“மல்ஹாரி, நீ எனக்குக் குறிப்பேட்டுல அந்த முயல் வரியை அடிச்சுட்டுத் திருத்திக் கையெழுத்துப் போடணும். அப்புறம் ஆறு மாசத்துக்கு நீ எந்தப் பலகைமேலயும் உட்காரக் கூடாது.”

வெளியே வந்தோம். தொட்டிகளில் பூக்கள் பாதி வாடி, ஆரஞ்செல்லாம் சிவந்துபோயிருந்தன. சின்ன மேடம் வெள்ளைப் பூ ஒன்றின் பக்கத்தில் நின்றார். கையில் அவருடைய பழைய தாள்கள் இருந்தன. அறுபத்துநாலு பங்கு போட்டு, மூன்றாவது ஜீனுக்கு என் எழுத்தை வைத்து எழுதியவை. நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்குமேல் மடங்கவில்லை.

அவருக்குப் பட்டம் கிடைத்துவிடும். பாத்திரக்கடைக்குப் போக வேண்டியதில்லை. அதை நினைத்து எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அந்தத் தாள் மடங்கிய விதத்தைப் பார்த்துக்கொண்டு விசில் அடிக்க முடியவில்லை.

“மேடம்” என்றேன். “பார்க்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. என்மேல கோபமா?”

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“ஆமா மாமா. ரொம்பக் கோபம். அந்த மூணாவது ஜீன் எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு.”